பகிடி வதையான வரலாறு

பழுகாமம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், போரதீவுப்பற்றில் இருக்கிறது. சூரியன் படும் பக்கம் என்பதால் அந்தக் கரை படுவான்கரை. கடலோரமாய் நீளும் எதிர்க்கரை எழுவான்கரை. திருப்பழுகாமம் என்றும் வழங்கப்படும் இந்த ஊரில் திரௌபதை அம்மனுக்குக் கோயில் உண்டு, தீமிதிப்பும் உண்டு. இப்பகுதித் திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் வெறுமனே படிக்கப்படுவதில்லை, செய்து காட்டப்படுகிறது. தெற்கே பாண்டிருப்பில் கலியாணக்கால் வெட்டுவதில் தொடங்கி, வனவாசம் போய், அருச்சுனன் தவநிலை கண்டு, கடைசியில் தீக்குழியில் இறங்கும்வரை ஊரே கதைக்குள் நடக்கிறது. அந்தத் தீ திரௌபதையின் சினத்தை நினைவூட்டுவது. சினம் சபையில் அவள் துகிலுரியப்பட்டதால் வந்தது. துகிலுரிய ஏவிய துரியோதனனின் வன்மமோ, மயன் கட்டிய மண்டபத்தில் தண்ணீரைத் தரையென்று நினைத்து அவன் விழுந்தபோது எழுந்த சிரிப்பால் வந்தது. வியாசரிடம் சிரித்தவர்கள் வீமனும் தம்பிமாரும் ஏவலாளரும். மக்கள் வழக்கில் சிரித்தவள் திரௌபதை. எப்படிச் சொன்னாலும் பதினெட்டு நாள் போருக்கு முன்னால் ஒரு கேலிச் சிரிப்பு நிற்கிறது.

கதை இன்னும் பின்னால் போகிறது. ஆதிபருவத்தில் பாண்டவரும் கௌரவரும் ஒரே அரண்மனையில் விளையாடி வளரும் பிள்ளைகள். எல்லா விளையாட்டிலும் முந்துகிற வீமன், மற்றப் பிள்ளைகளின் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறான். பத்துப் பேரை ஒன்றாக நீருக்குள் அமுக்கி, மூச்சு முட்டும் நேரத்தில் விடுகிறான். பழம் பறிக்க மரமேறியவர்களை மரத்தை உதைத்து விழுத்துகிறான். இதை அவன் வஞ்சகத்தால் செய்யவில்லை, பிள்ளைத்தனத்தால் செய்தான் என்று வியாசர் கவனமாகச் சொல்கிறார். ஆனால் அடுத்ததாக வருவது துரியோதனனின் பகையும், வீமனுக்கு நஞ்சூட்டிக் கங்கையில் தள்ளும் சதியும்தான். பின்னர் அரங்கேற்றக் களத்தில் கர்ணனின் பிறப்பைப் பழித்து, வில்லை வைத்துவிட்டுத் தேரோட்டியின் சவுக்கை எடு என்கிறவனும் வீமனே. வீமனின் பகிடியால் காயப்பட்ட இருவர் அங்கே ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். நாட்டார் அரங்கில் கர்ணன் மீது இரக்கம் இவ்வளவு ஆழமாக ஊறியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். சிறுவயதுக் கேலிக்கும் வளர்ந்தவனின் மனநிலைக்கும் உள்ள தொடர்பை இருபதாம் நூற்றாண்டு உளவியல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கவில்லை. பாரதம் கேட்டு வளர்ந்த சமூகம் அதை முன்பே அறிந்திருந்தது. 'பகிடிக்குத்தானே செய்தான்' என்ற பெரியவர்களின் சமாதானத்தையும், அந்தச் சமாதானம் எதையும் தடுக்கவில்லை என்பதையும் ஒரே கதைக்குள் வைத்துப் பார்த்தும் இருந்தது.

அறிந்திருந்த சமூகம் என்ன செய்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. வாவிக்கரைச் சமூகம் கேலியை ஒழிக்க முயலவில்லை. யார் யாரைக் கேலி செய்யலாம், எப்போது, எதுவரை, கேலிக்குள்ளானவர் எப்படித் திருப்பிச் சொல்லலாம் என்று அதற்கு வரம்பு கட்டியது. அந்த வரம்புக்குள் நின்ற கேலி பெரும்பாலும் பகிடியாகவே இருந்தது. வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் அன்றும் நொந்தார்கள். பின்னர் பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் வந்தபோது பகிடி அங்கே போனது, வரம்பு போகவில்லை. தமிழகத்தில் 'ராகிங்' என்று ஆங்கிலச் சொல்லாலேயே வழங்கப்படும் கொடுமைக்கு இலங்கைத் தமிழ் 'பகிடிவதை' என்று பெயர் வைத்திருக்கிறது. பகிடி, வதை இரண்டும் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல்லில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது.

வரம்பு கட்டிய கேலிக்குச் சிறந்த சான்று கொம்புமுறி. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த இந்தச் சடங்கு விளையாட்டை வீ. சீ. கந்தையா தமது 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) நூலில் விரிவாகப் பதிவு செய்தார். மழை பொய்த்தாலும் கொள்ளை நோய் வந்தாலும் அம்மனின் சினம் தணிய ஊர் இரண்டாகப் பிரிந்து விளையாடும். ஒரு பகுதி வடசேரி, கோவலன் பக்கம். மற்றது தென்சேரி, கண்ணகி பக்கம். கொக்கி போல வளைந்த இரண்டு வைர மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு சேரியாரும் இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். அதற்கு முன்னால் போர்த்தேங்காய் அடிப்பார்கள். பின்னால் வென்றவர்கள் ஏடகம் எடுத்து ஊர்வலம் வருவார்கள். இழுப்பைவிட நம் விடயத்துக்கு முக்கியமானது, இரு சேரியாரும் ஒருவரையொருவர் பழித்துப் பாடிய வசைப்பாட்டு. வழக்கமான நாளில் வாய் திறந்து சொல்ல முடியாத சொற்களெல்லாம் அன்று பாட்டாக வரும். தோற்றவன் கேட்டுக்கொண்டிருப்பான், அடுத்த முறை அவன் பாடுவான். சேரி பிறப்பால் வருவது. கணவன் ஒரு சேரியும் மனைவி மற்றச் சேரியுமாக இருந்த வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை, ஒரே முற்றத்தில் இரண்டு பக்கத்து வசையையும் கேட்டு, இரவு அதே இரண்டு பேரோடு ஒன்றாக இருந்து சோறு தின்றிருக்கும்.

இதே விளையாட்டு சிங்கள ஊர்களில் 'அங்கெலிய' என்ற பெயரில், பத்தினித் தெய்வத்துக்கு உரியதாக இருந்தது. உடுபில, யட்டிபில என்று அங்கேயும் இரண்டு பக்கங்கள். அங்கேயும் தோற்றவர்களை வென்றவர்கள் எள்ளி நகையாடுவார்கள். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984ல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இதை உளப்பகுப்பாய்வின் கண்கொண்டு பார்த்தார். இலங்கைக் கிராமத்தில் பிள்ளைக்கு ஒழுக்கம் புகட்டப்படுவது பெருமளவு வெட்கத்தின் வழியாக. சிங்களத்தில் 'லஜ்ஜா-பய', வெட்கமும் பயமும், என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். தமிழில் அதற்குச் சமமான அதட்டல் 'சனம் சிரிக்கும்'. நாலு பேர் சிரிப்பார்கள் என்ற அச்சத்தை ஊட்டி வளர்க்கப்பட்டவன், பெரியவனான பிறகும் அவமானத்தைத் தாங்க மாட்டாதவனாக இருக்கிறான். அப்படிப்பட்ட மனிதர்கள் வாழும் ஊரில், எல்லோரும் பார்க்கத் தோற்று, எல்லோரும் சிரிக்க நின்று, மறுநாளும் தலைநிமிர்ந்து வயலுக்குப் போகலாம் என்பதை உடம்பால் கற்றுக்கொள்ளும் இடம் இந்த விளையாட்டு. ஒபேசேகரவின் உளப்பகுப்பாய்வு விளக்கங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆண்மைக்குறைவு பற்றிய ஆழ்மன அச்சம் என்று அவர் போகும் இடங்களில் சான்றைவிடக் கோட்பாடு முந்துகிறது. ஆனால் வெட்கத்தால் வளர்க்கும் சமூகமே வெட்கத்தைச் சடங்காக்கி ஆடியது என்ற இணைப்பு மட்டக்களப்புக்கு அப்படியே பொருந்துகிறது.

சடங்கு வசையோடு நிற்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் சடங்கில் கண்ணகி வழக்குரை படிக்கப்படும், நிறைவில் திருக்குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் கொதிப்பைத் தண்ணீராலும் பாட்டாலும் தணிப்பது குளிர்த்தி. பழிச்சொல் உடம்பில் சூடாகத் தங்கும், அதைத் தணிக்காமல் விட்டால் நோயாகும், பஞ்சமாகும் என்பதே அந்தச் சடங்கின் நம்பிக்கை. இதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அவமானத்துக்கு முடிவு நாள் ஒன்று வேண்டும், அந்த முடிவை ஊர் கூடி அறிவிக்க வேண்டும் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. இன்றைய வகுப்பறையில் அது இல்லை.

அன்றாடத்தில் இதே வேலையை உறவுமுறை செய்தது. மட்டக்களப்பில் குடி தாய்வழி. கலியாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டுக்கு வருவான். மாமன் மகள், மாமி மகன் உறவில் மச்சானும் மச்சாளும் ஒருவரையொருவர் பகிடி பண்ணலாம். பண்ணாவிட்டால்தான் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். மூத்த சகோதரனிடமோ மாமனாரிடமோ அது ஆகாது. மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இத்தகைய உறவுகளை, மரியாதைக் குறைவு அனுமதிக்கப்பட்ட உறவுகள் என்று விளக்கினார்: ஒருவர் கேலி செய்ய உரிமை பெற்றிருக்கிறார், மற்றவர் கோபிக்காதிருக்கக் கடமைப்பட்டிருக்கிறார். மட்டக்களப்பு நாட்டார் பாடல்களில் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிறவற்றைக் கேட்டால் கடமை என்ற சொல் போதாது என்று தெரியும். அங்கே கேலிக்குள்ளானவள் பொறுத்துக்கொள்கிறவள் அல்ல. அடுத்த அடியில் அவனைவிடக் கூர்மையாகச் சொல்கிறவள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நான்கு களங்களில் எள்ளலை முதலில் வைக்கிறது. பேராசிரியர் தம் உரையில் அதை இரு பக்கமாகப் பிரிக்கிறார்: பிறரை எள்ளி நகுவதும் எள்ளல், பிறர் தன்னை எள்ள, தான் நகுவதும் எள்ளல். எள்ளப்பட்டவனும் சிரிக்க முடிந்தால்தான் அது நகை. முடியாதபோது அதே இயலில் வரும் அழுகையும் இளிவரலும் வெகுளியும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். பழைய ஊரை நான் பொன்னாக்கிக் காட்டுகிறேன் என்பது அது. மச்சான் மச்சாளுக்குத் திருப்பிச் சொல்ல வாய் இருந்தது. கோயில் வாசலுக்கு வெளியே பறை அறைந்தவரின் பிள்ளைக்கு இருந்ததா? வண்ணாரின், அம்பட்டரின் பிள்ளைக்கு இருந்ததா? 'மட்டக்களப்பு மான்மியம்' என்ற பழைய நூல் குடிகளையும் அவர்களுக்குரிய வரிசைகளையும் ஊழியங்களையும் எவ்வளவு நுணுக்கமாக வகுக்கிறது என்று பார்த்தாலே, யார் வாய் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்பதும் வகுக்கப்பட்டிருந்தது விளங்கும். சாதிப் பெயரே வசையாக இருந்த இடத்தில் அந்தச் சாதிக்குப் பிறந்த பிள்ளைக்குத் தன் பெயரைச் சொல்வதே அவமானம். கால் ஊனமானவனையும் கண் தெரியாதவனையும் அந்த ஊனத்தாலேயே அழைக்கும் பழக்கமும் நேற்று வந்ததல்ல. இந்த மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். ஆனால் இது என் வாதத்தைச் சாய்க்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது. அதே ஊரில், அதே காலத்தில், அதே மொழியில், திருப்பிச் சொல்ல உரிமை பெற்றவனுக்குப் பகிடியாக இருந்தது, உரிமை பெறாதவனுக்கு வதையாக இருந்தது. சொல்லின் கடுமை மட்டும் வேறுபாட்டுக்குக் காரணமாக இருந்திருந்தால், கொம்புமுறி வசைதான் எல்லாவற்றிலும் பெரிய காயத்தை விட்டிருக்க வேண்டும்.

பிள்ளையை வீட்டுக்குள் கேலி செய்து வளர்ப்பதும் இந்த அளவுகோலால் பார்க்கப்பட வேண்டியது. மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக், தமிழ்க் குடும்பம் ஒன்றில் அன்பு எப்படி வெளிப்படுகிறது என்று ஆராய்ந்து 1990ல் வெளியிட்ட நூலில், அன்பு மறைக்கப்படுவதையும் கடுமையாக வேடம் கொள்வதையும் நெடுகப் பேசுகிறார். கண்ணூறு படும் என்று பிள்ளையைக் கொஞ்சாமல் 'கறுப்பி' என்றும் 'குரங்கு' என்றும் அழைப்பது நம் வீடுகளில் கொஞ்சலின் இன்னொரு முகம். மடியில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லின் கூடவே கையின் சூடும் கிடைக்கிறது. பிள்ளை திருப்பிப் பாட்டியைக் 'கிழவி' என்றால் வீடே சிரிக்கிறது. ஆனால் அதே சொல்லை விருந்தாளிகள் முன்னால், பிள்ளை கண் கலங்கிய பிறகும் நிறுத்தாமல், வருடக்கணக்காகச் சொல்லும்போது பிள்ளை சூட்டை மறந்து சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பெண்பிள்ளையின் நிறத்தைப் பற்றிய கேலியைப் போலக் கலியாணப் பேச்சு வரைக்கும் கூடவே வருகிற கேலி நம்மிடம் வேறு இல்லை.

பள்ளிக்கூடம் இந்த ஏற்பாட்டை அடியோடு மாற்றியது. மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814ல் கால்வைத்ததோடு ஆங்கிலக் கல்வி தொடங்கியது. சுவாமி விபுலானந்தர் 1929ல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தைக் கட்டியெழுப்பினார். 1945ல் இலவசக் கல்வி வந்து, படுவான்கரைப் பிள்ளைகளுக்கும் பெரிய பள்ளிக்கூடங்களின் கதவு திறந்தது. இந்த வருகையால் கிடைத்த நன்மைக்கு அளவில்லை. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வகுப்பறை என்பது முறை இல்லாத இடம். நாற்பது பிள்ளைகள், ஒரே வயது, ஒரே அறை, ஐந்தாறு மணி நேரம். அங்கே மச்சானும் இல்லை, மாமனும் இல்லை, வடசேரியும் தென்சேரியும் இல்லை. யார் யாருக்குப் பட்டம் தெளிக்கலாம் என்பதை உடல் வலிமையும் குரலும் கூட்டமும் தீர்மானித்தன. வாவியைக் கடந்து எழுவான்கரைக்கோ பட்டினத்துக்கோ படிக்கப் போன பிள்ளைக்கு ஊர்ப்பெயரே பட்டமாயிற்று. இன்னும் தூரம் போனவர்களுக்குப் பேச்சு பட்டமாயிற்று: 'மறுகா', 'ஒள்ளுப்பம்', 'என்னகா' என்று மூன்று சொல் பேசினால் போதும், சுற்றியிருப்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டத் தொடங்கிவிடுவார்கள். மட்டக்களப்பான் மந்திரம் செய்து பாயோடு ஒட்டவைத்துவிடுவான் என்ற பகிடியை வட பகுதித் தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். சொல்கிறவருக்கு அது ஒரு சிரிப்பு. கேட்கிறவர் அதை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறார் என்பது சொல்கிறவருக்குத் தெரிவதில்லை. பட்டப்பெயர்களில் மிக ஆழமாக ஒட்டுவது வாத்தியார் வைத்ததுதான். பிள்ளைகள் வைத்த பெயருக்குத் திருப்பிப் பெயர் வைக்கலாம். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு வைக்க முடியாது.

பல்கலைக்கழகத்தில் இது முழுவடிவம் பெற்றது. புதுமுகத்தை மூத்தவர்கள் வாட்டும் வழக்கம் ஆங்கில விடுதிக் கல்லூரி மரபோடு இலங்கைக்கு வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வேர் பிடித்தது. 1975ல் பேராதனை விடுதியொன்றில் பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த மாணவி நிரந்தரமாக நடக்க முடியாதவரானார். 1997ல் அங்கே பொறியியல் படிக்க வந்த தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. உடற்காயத்தோடு மன வேதனையையும் அச்சத்தையும் அந்தச் சட்டம் வரைவிலக்கணத்துக்குள் சேர்த்தது பெரிய முன்னேற்றம். ஆனால் அது முதன்மையாக நோக்கியது உயர்கல்வி நிறுவனங்களை. பள்ளிக்கூடத்துக்கு வந்த 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பிரம்பை நிறுத்தச் சொன்னது. பத்து வயதுப் பிள்ளையை ஆண்டு முழுவதும் ஒரு பெயரால் அழைத்துச் சிரிப்பது இரண்டுக்கும் இடையில் விழுந்துவிட்டது.

அது விழுந்தால் என்ன, சின்ன வயதில் எல்லோரும் கேலி பட்டுத்தான் வளர்ந்தோம், அதனால்தான் உரம் வந்தது என்பது நம் வீடுகளில் மிகவும் கேட்கும் மறுப்பு. இதற்கு நினைவுகளை வைத்துப் பதில் சொல்வது கடினம். தாங்கி வந்தவர்கள்தான் பேசுகிறார்கள், தாங்காதவர்களின் குரல் நமக்குக் கேட்பதில்லை. எனவே சிறுவயதிலேயே பதிவு செய்து, ஆட்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் 1958ல் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வு அப்படிப்பட்டது. பிள்ளைக்கு 7 வயதும் 11 வயதும் ஆனபோது, மற்றப் பிள்ளைகளால் வாட்டப்படுகிறானா என்று பெற்றோரிடம் கேட்டுப் பதிந்தார்கள். அவர்களில் 7,771 பேரின் தரவை வைத்து 2014ல் தாக்கிசாவா, மோன், அர்செனோ ஆகியோர் வெளியிட்ட முடிவில், அடிக்கடி வாட்டப்பட்டவர்கள் 50 வயதை எட்டும்போதும் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் உடையவர்களாக இருந்தார்கள். நட்பும் துணையும் குறைந்திருந்தன. குடும்பத்தின் பொருள் நிலை, பிள்ளையின் அறிவுத்திறன், பெற்றோரின் அக்கறை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் தொடர்பு அழியவில்லை. நாற்பது ஆண்டு கழித்தும் உரம் வந்து சேரவில்லை. அதே ஆய்வில் பெரும்பான்மையோர் அப்படி நொறுங்கிப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேலி பட்ட ஒவ்வொருவரும் நோயாளியாவார் என்று யாரும் சொல்லவில்லை. ஆபத்து கூடுகிறது என்பதே முடிவு. புகைக்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை என்பதற்காகப் புகையை நாம் உரம் என்று சொல்வதில்லை.

என் வாதத்துக்கே எதிராக நிற்கும் ஒரு முடிவும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலைனாவில் 1,420 பேரைத் தொடர்ந்து கோப்லண்டும் குழுவினரும் 2013ல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த பிறகு மிகவும் மோசமான நிலையில் இருந்தவர்கள் வெறுமனே வாட்டப்பட்டவர்கள் அல்லர். வாட்டப்பட்டும், தாமும் பிறரை வாட்டியும் இருந்தவர்கள். திருப்பிச் சொல்ல முடிந்தால் வதை பகிடியாகும் என்று நான் சொல்வது உண்மையானால், இவர்களல்லவா நலமாக இருந்திருக்க வேண்டும்? இதைப் பற்றி நீண்ட நேரம் யோசிக்க வேண்டியிருக்கிறது. வாட்டப்பட்டுப் பிறரையும் வாட்டுகிற பிள்ளை, தன்னை வாட்டியவனுக்குத்தான் திருப்பிச் சொல்லியிருப்பான் என்று கொள்ள வேண்டியதில்லை. தன்னைவிட மெலிந்தவனைத் தேடிப் போகவும் முடியும். பல்கலைக்கழகப் பகிடிவதையின் முழுப் பொறியும் இதுதான்: சென்ற ஆண்டு தான் பட்டதை இந்த ஆண்டு வந்தவனுக்குக் கொடுப்பது. துரியோதனனும் வீமனுக்கு நேரே நின்று தீர்த்துக்கொள்ள முடியாததைச் சபை நடுவில் ஒரு பெண்ணின் மீது தீர்த்தான். கொம்புமுறியில் வடசேரியின் வசைக்குப் பதில் தென்சேரியிடமிருந்தே வந்தது, அதே களத்தில், சம பலத்தோடு. மச்சாளின் பதில் மச்சானுக்குத்தான் போனது, பக்கத்து வீட்டுச் சிறு பிள்ளைக்கு அல்ல. எனவே நான் முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்: பதில் சொல்ல முடிவது மட்டும் போதாது, அந்தப் பதில் கேலி செய்தவரிடமே போய்ச் சேர வேண்டும், அதோடு முடியவும் வேண்டும்.

இன்னொரு மறுப்பு படுவான்கரையிலிருந்தே வரக்கூடும். அதுவே எல்லாவற்றிலும் கனமானது. மூன்று பத்தாண்டுப் போரும், ஆட்கள் காணாமல் போனதும், 1990ஆம் ஆண்டின் படுகொலைகளும், 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் கண்ட மாவட்டத்தில் பட்டப்பெயரைப் பற்றிக் கவலைப்படுவது அற்பமில்லையா? டிராவிக்கே பின்னர் மட்டக்களப்புக்கு வந்து, போரும் சிறுபருவமும் விளையாட்டும் பற்றி 2007ல் வெளியான நூலை எழுதினார். படுவான்கரைப் பிள்ளைகள் துப்பாக்கிகளுக்கு நடுவே எப்படி விளையாடினார்கள் என்பது அதன் பொருள். 1996ல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவும் அந்தப் பிள்ளைகளுக்காகவே, விளையாட்டையும் கதையையும் களிமண்ணையும் மருந்தாக வைத்துப் பிறந்தது. தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் 'மனவடு' என்ற சொல்லை நமக்குப் பழக்கியதும் போரின் காயத்தைப் பேசுவதற்குத்தான். ஆனால் அந்தப் போர்க்காலத்துப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, பெரிய காயம் சிறிய காயத்தை மறைத்துவிடுவதில்லை என்பதே. வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளி மாணவரிடம் கட்டானியும் குழுவினரும் செய்து 2008ல் வெளியிட்ட ஆய்வில், போரும் கடற்கோளும் தந்த பாதிப்போடு வீட்டுக்குள் பட்ட வன்முறையும் தனியாகச் சேர்ந்து பிள்ளையின் மனநோயைக் கூட்டியது. 2010ல் காயத்திரி பெர்னாண்டோவும் மில்லரும் பெர்கரும் இலங்கையில் 427 இளையோரிடம் செய்த ஆய்வும், அன்றாட நெருக்கடிகள் பேரிடரின் பாதிப்புக்கு மேலாகத் தம் பங்குக்கு மனதை வாட்டுவதைக் காட்டியது. எறிகணை விழுந்த ஊரில் பிள்ளைக்கு வீடும் வகுப்பும்தான் எஞ்சிய இடங்கள். அந்த இடங்களிலும் பெயர் சொல்லிச் சிரிக்கப்பட்டால் அந்தப் பிள்ளைக்குப் போக வேறு இடம் இல்லை. தகப்பன் காணாமல் போன பிள்ளையை அதைச் சொல்லியே பட்டம் தெளித்தால் அது அற்பமான காயம் என்று யார் சொல்ல முடியும்?

ஆய்வுகளெல்லாம் மேற்கத்தியக் கண்ணாடி, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று சொல்கிறவர்களுக்கு நான் திரும்பவும் திரௌபதை அம்மன் கோயிலைத்தான் காட்டுவேன். நோக்கம் கெட்டதில்லை என்பதால் விளைவும் கெட்டதில்லை என்று ஆகாது என்பதை அந்த ஊர்கள் ஆண்டுதோறும் தீ மூட்டி நினைவு வைத்திருக்கின்றன. இழந்தது அறிவையல்ல, ஏற்பாட்டை. கொம்புமுறி இன்று ஊர் வழக்கமாக இல்லை, அருமையாக எப்போதாவது காட்டப்படுவது. அதை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாதி பார்த்து வாய் கட்டிய ஊரின் ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. அந்த ஏற்பாடு கேட்ட கேள்விகளை வகுப்பறையில் ஒருவராவது கேட்க வேண்டும் என்கிறேன். இந்தப் பட்டத்துக்கு இவன் பதில் சொல்ல முடியுமா? சொன்னால் அடி விழாதா? இது எந்த நாளில் முடியும்? முடிந்தது என்று யார் சொல்வார்? பிரம்பை எண்ணிப் பார்க்கிற அதிபருக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் குளிர்த்தி பாடி முடிந்ததும் கதவு அடைபடும். அடுத்த வைகாசி வரை திறக்காது. கொதித்த சொற்கள் அதுவரை உள்ளே இருக்கும். பள்ளிக்கூடத்துக் கதவு மறுநாள் காலை ஏழரை மணிக்கே திறந்துவிடுகிறது, நேற்றைய பெயர் அங்கே அந்தப் பிள்ளைக்கு முன்பே வந்து நிற்கிறது.